கரைக்குக் கீழே இருப்பவர்கள்



நமது பங்கின் பொன்விழா மலருக்கு நாமும் ஒரு கட்டுரை எழுத வேண்டும் என்று விழாக் குழுவினர் அன்புக் கட்டளை இட்டனர். கோவில் எழுந்த கதை, உபதேசியார்களின் உழைப்பு, கன்னியர்களின் தொண்டு ஆகியவற்றை எல்லாம் இம்மலரின் ஏனைய பக்கங்களில் நம்மிலும் வல்லவர்கள் எழுதியிருக்கிறார்கள். ஆதலால் நாம் வேறொரு பொருளை எடுத்துக்கொண்டோம். மண்ணால் போட்ட கரைகளின் வரலாற்றைப் பற்றி எழுதப் போகிறோம். பொன்விழா மலருக்கும் குளத்தங்கரைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்கள், சற்றுப் பொறுமையோடு இறுதிவரை வாசிக்கும்படி வேண்டுகிறோம்.

நாம் கண்ட ஒரு குளம்

விழா ஆண்டின் தொடக்கத்தில் பீடச் சிறுவர்களையும் பாடகர் குழுவினரையும் அழைத்துக்கொண்டு மலைப்பகுதி ஒன்றுக்கு இன்பச் சுற்றுலா சென்றிருந்தோம். தனியார் ஒருவருக்குச் சொந்தமான தோட்டம் அது. ஓர் ஓடையின் குறுக்கே மண் கரை எழுப்பி, அழகானதொரு குளம் உண்டாக்கி, படகு விடவும் தூண்டில் போடவும் வசதி செய்திருந்தார்கள். பிள்ளைகள் படகேறி மகிழ்ந்தார்கள். நாமும் கட்டுச்சோற்றை உண்டு, அந்த இடத்தின் அழகைப் புகழ்ந்து பேசிக்கொண்டிருந்தோம்.

எம்முடன் வந்தவர்களில் ஒரு பெரியவர் இருந்தார். ஏரி மடையைத் திறந்து அடைத்து வயல்களுக்கு நீர் பங்கிடும் வேலையைத் தலைமுறை தலைமுறையாகப் பார்த்த குடும்பம் அவருடையது. அவர் மட்டும் படகைப் பார்க்காமல் கரையின் மறுபுறம் இறங்கிப் போனார். சிறிது நேரத்தில் நம்மைக் கூப்பிட்டார்.

"சாமி, இங்க கொஞ்சம் வந்து பாருங்க. கரையடி பூராவும் சொதசொதன்னு இருக்குதுங்க. மழை பேஞ்சு பத்து நாளாச்சுங்களே!"

இறங்கிப் பார்த்தோம். உண்மைதான். கரையின் சரிவில் தொடைப் பருமனுக்கு மரங்கள் வளர்ந்திருந்தன. மிகுதி நீர் வெளியேற வேண்டிய கலிங்கில், வளர்ப்பு மீன் தப்பி ஓடிவிடாதபடி நெருக்கமான கம்பி வலை கட்டி, அதன்மேல் பலகையும் அடித்திருந்தார்கள். வலை முழுவதும் சருகு அடைத்துக் கிடந்தது. ஓடையோடு கீழே அரை மைல் தூரம் கண்ணை ஓட்டினால், இருபது முப்பது வீடுகளும் ஓர் அங்கன்வாடியும் தெரிந்தன.

தோட்டத்து மேலாளரிடம் சொன்னோம். "பதினஞ்சு வருசமா இப்படித்தான் இருக்குதுங்க ஃபாதர், ஒண்ணும் ஆகலைங்க" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பு நம்மை உறங்கவிடவில்லை. வீடு திரும்பியபின் புத்தகங்களைப் புரட்டினோம். அப்போது கிடைத்த வரலாற்றைத்தான் இங்கே பகிர்ந்துகொள்கிறோம்.

பல கண்கள் காத்த கரை

பரமத்தி வேலூர் மக்களுக்கு நீரைப் பற்றி யாரும் பாடம் சொல்லத் தேவையில்லை. பதினேழாம் நூற்றாண்டில் அல்லாள இளைய நாயகர் ஜேடர்பாளையத்தில் காவிரிக்குக் குறுக்கே அணை போட்டு, ராஜ வாய்க்காலை வெட்டினார் என்று இம்மண் இன்றும் போற்றுகிறது. நமது வெற்றிலைக் கொடிக்கால்களும் வாழைத் தோட்டங்களும் அந்த வாய்க்காலால் வாழ்பவை. 1924-ஆம் ஆண்டுக் காவிரிப் பெருவெள்ளத்தின் கதையைத் தாத்தா பாட்டி சொல்லக் கேட்டவர்கள் நம்மில் உண்டு. 2018 ஆகஸ்டில் மேட்டூர் நிரம்பி வெள்ளம் வந்தபோது பாலத்தின் மேல் நின்று பார்த்தவர்கள் எல்லோருமே.

காவிரி பாயாத ஊர்களில் ஏரியே தாய். அந்த ஏரிக்கரைகளை நம் முன்னோர் எவ்வாறு காத்தார்கள்? குடிமராமத்து என்னும் முறையால் காத்தார்கள். வீட்டுக்கு ஓர் ஆள் வந்து, வரத்து வாய்க்காலைத் தூர் வாரி, கரையின் பள்ளத்தை நிரப்பி, எலி வளையையும் நண்டு வளையையும் அடைத்துவிட்டுப் போவார்கள். கரை உடையும் ஆபத்து நேர்ந்தால் ஊரார் உழைப்புத் தர வேண்டும் என்று 1858-இல் சென்னை மாகாண அரசு சட்டமே செய்தது.

இதில் ஒரு நுட்பம் உண்டு. ஏரிக்கரைக்குக் கீழே குடியிருப்பவனே அந்த ஏரியின் நீரைக் குடித்துப் பயிர் செய்பவன். ஆகவே அவன் நாள்தோறும் கரைமேல் நடந்தான். அவன் காலுக்குக் கரையின் ஈரம் தெரியும்; கண்ணுக்குக் கலிங்கின் அடைப்புத் தெரியும். ஒரு கரைக்கு ஊரில் எத்தனை பேரோ அத்தனை கண்கள் இருந்தன. கேளிக்கைக்காக ஒருவர் தனியே கட்டும் குளத்துக்கோ அந்தக் கண்கள் இல்லை. உடைமையாளர் நகரத்தில் இருப்பார். கீழே இருப்பவருக்கு அக்குளத்தால் ஒரு குடம் நீரும் கிடையாது. கரைமேல் நடக்க உரிமையும் கிடையாது. ஆபத்து மட்டும் அவர் பங்கு!

மண் கரை எவ்வாறு உடைகிறது?

கருங்கல் அணையின் மேல் நீர் வழிந்தாலும் அது சில நேரம் தாங்கி நிற்கும். மண் கரையோ தன் தலைக்கு மேல் நீர் வழிவதைத் தாங்காது. வழியும் நீர் மறுபுறச் சரிவை அரித்து, சில மணி நேரத்தில் கரையையே கரைத்துவிடும். 1979 ஆகஸ்ட் 11 அன்று குஜராத்தில் மச்சு இரண்டாம் அணையில் நடந்தது இதுவே. கணக்கிட்டதைப்போல் ஏறத்தாழ மூன்று மடங்கு வெள்ளம் வந்தது. கல் கட்டுமானம் நின்றது. இருபுறத்து மண் கரைகள் போயின. மோர்பி நகரத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். ஆகவேதான் மண் கரையின் உயிர் கலிங்கில் இருக்கிறது என்கிறார்கள். கலிங்கை அடைப்பது மனிதனின் மூச்சை அடைப்பதற்கு ஒப்பாகும்.

இரண்டாவது ஆபத்து கசிவு. எந்த மண் கரையிலும் சிறிது கசிவு இருக்கும். கசியும் நீர் தெளிவாகவும் ஒரே அளவாகவும் இருந்தால் பெரும்பாலும் பொறுக்கலாம். அது கலங்கலாக வந்தால் கரையின் உட்புற மண்ணைச் சிறிது சிறிதாகச் சுமந்துகொண்டு வருகிறது என்று பொருள். உள்ளே துவாரம் உண்டாகி, ஒருநாள் கரை அமுங்கிப்போகும். மரவேர்களும் வளைகளும் அத்துவாரத்துக்கு வழிகாட்டிகள். மரத்தை வெட்டிவிட்டால் போதும் என்று எண்ணுவதும் தவறு. வேர் உள்ளே மக்கி, அதுவே நீருக்குப் பாதையாகிவிடும். வேரைத் தோண்டியெடுத்து, களிமண் இட்டு இறுக்க வேண்டும். அதையும் அறிந்த பொறியாளரின் மேற்பார்வையில்தான் செய்ய வேண்டும்.

நம் மாநிலத்தின் உல்லாச ஏரி

பொழுதுபோக்குக்காகத் தனி மனிதர் பணத்தில் ஏரி கட்டுவது புதிய வழக்கம் அன்று. கொடைக்கானலுக்குச் சென்றவர்கள் நட்சத்திர வடிவமான அந்த ஏரியை மறக்க முடியாது. அஃது இயற்கையாய் அமைந்ததென்றே பலர் எண்ணுகிறார்கள். மதுரையில் கலெக்டராயிருந்த சர் வியர் ஹென்றி லெவிஞ்ச் என்பவர் 1863-இல் தம் சொந்தப் பணத்தைச் செலவிட்டு, ஓடைக்குக் கரை போட்டு உண்டாக்கியது அது. முதல் படகைத் தூத்துக்குடியிலிருந்து கொண்டுவந்தாராம். ஏறத்தாழ 60 ஏக்கர் பரப்புள்ள அந்த ஏரியின் மிகுதி நீரே மலைச்சாலையில் நாம் காணும் வெள்ளி அருவியாக விழுகிறது.

அந்த ஏரி இன்றளவும் நிற்பதற்குக் காரணம் என்ன? ஒருவர் பணத்தில் எழுந்தாலும் அது பின்னர் பொதுச்சொத்தாயிற்று. நகராட்சியின் பொறுப்பில் ஆயிரமாயிரம் பேர் நாள்தோறும் சுற்றி நடக்கும் இடமாயிற்று. மறுபடியும் அந்தக் கண்கள்! ஆனால் எல்லா உல்லாச ஏரிகளுக்கும் இந்தப் பேறு கிடைக்கவில்லை. பூட்டிய வாயிலுக்குள் இருந்த ஓர் ஏரியின் கதையை அமெரிக்க நாட்டிலிருந்து இனிச் சொல்கிறோம்.

செல்வர்களின் ஏரியும் ஜான்ஸ்டவுன் நகரமும்

பென்சில்வேனியா மாநிலத்தில் ஜான்ஸ்டவுன் என்பது இரும்பாலைத் தொழிலாளர் நிறைந்த ஊர். அதற்கு 14 மைல் மேலே, மலைப்பள்ளத்தாக்கில் சவுத் ஃபோர்க் என்ற மண் அணை இருந்தது. உயரம் 72 அடி. நீளம் 931 அடி. கால்வாய்ப் போக்குவரத்துக்கு நீர் வேண்டி அம்மாநில அரசு 1838-இல் தொடங்கி 1853-இல் முடித்த அணை அது. இரயில் வந்தது, கால்வாய் வீணாயிற்று, அணை கேட்பாரற்றுக் கைமாறியது. 1862-இல் ஒருமுறை ஒரு பகுதி உடைந்தது. ஏரி நிறையாதிருந்ததால் பெருந்தீங்கு நேரவில்லை. 1875-இல் வாங்கிய ஒருவர், அடியில் நீரை வெளியேற்ற இருந்த இரும்புக் குழாய்களைப் பெயர்த்து விற்றுவிட்டார்!

1879-இல் பெஞ்சமின் ரஃப் என்பவர் அதை வாங்கி, மீன்பிடிப்பு, வேட்டைச் சங்கம் ஒன்றை அமைத்தார். ஆண்ட்ரூ கார்னகி, ஹென்றி ஃபிரிக் போன்ற கோடீசுவரர்கள் அதில் உறுப்பினர். உடைந்த இடத்தை மண்ணும் வைக்கோலும் புதரும் இட்டு அடைத்தார்கள். குழாய்களை மீண்டும் பொருத்தவில்லை. இரண்டு குதிரை வண்டிகள் எதிரெதிரே செல்ல வசதியாகக் கரையின் தலையைச் சீவித் தாழ்த்தினார்கள். விலை கொடுத்து வாங்கிவிட்ட மீன்கள் ஓடாதிருக்கக் கலிங்கின் குறுக்கே கம்பித் தடுப்பு வைத்தார்கள். அன்பர்களே, இதை வாசித்தபோது நாம் புத்தகத்தை மூடிவிட்டுச் சிறிது நேரம் உட்கார்ந்திருந்தோம்.

யாரும் எச்சரிக்கவில்லையா? எச்சரித்தார்கள். ஜான்ஸ்டவுன் இரும்பாலையின் தலைவர் டேனியல் மொரெல், 1880-இல் ஜான் ஃபுல்டன் என்ற பொறியாளரை அனுப்பிப் பார்வையிடச் செய்தார். நீரை இறக்கிப் பழுது பார்க்கக் குழாய் இல்லை, அடைப்பும் சரியில்லை என்று அவர் எழுதினார். செலவில் பங்கு தரவும் மொரெல் முன்வந்தார். எங்கள் ஏரியால் உங்களுக்கு ஆபத்தே இல்லை என்ற பொருளில் சங்கம் பதில் எழுதிவிட்டது. 1885-இல் மொரெல் இறந்தார். ஒவ்வொரு மழைக்காலத்திலும் அணை உடையப்போகிறது என்று யாராவது சொல்வதும், ஊரார் சிரிப்பதும் வழக்கமாயிற்று.

1889 மே 31. பெருமழை. ஏரி மணிக்கு மணி ஏறியது. ஆட்கள் ஓடிவந்து புதுக் கலிங்கு வெட்டப் பார்த்தார்கள். மீன் தடுப்பில் அடைத்த குப்பையை நீக்க முயன்றார்கள். நேரம் கடந்துவிட்டது. தந்தி எச்சரிக்கைகளை ஊரில் பெரும்பாலும் யாரும் பொருட்படுத்தவில்லை. மூன்று மணியளவில் கரை போயிற்று. ஏறத்தாழ 1.45 கோடி கனமீட்டர் நீர் பள்ளத்தாக்கில் பாய்ந்து, நான்கு மணி சுமாருக்கு ஜான்ஸ்டவுனை அடைந்தது. மாண்டவர் 2,209 பேர் என்று கணக்கிட்டார்கள். அவர்களில் 396 பேர் குழந்தைகள். 99 குடும்பங்கள் அடியோடு அழிந்தன. 750-க்கும் மேற்பட்ட உடல்களை இன்னார் என்று அறிய முடியாமலே அடக்கம் செய்தார்கள். நம் சபையின் அர்ச். ஜான் குவால்பர்ட் கோவிலும் அப்பேரழிவில் தீக்கிரையாயிற்று.

எந்த நீதிமன்றமும் சங்கத்தைப் பொறுப்பாக்கவில்லை. 'கடவுளின் செயல்' என்றார்கள். பழைய அணையாய் இருந்தாலும் உடைந்திருக்கும் என்று 1891-இல் பொறியாளர் குழு ஒன்று அறிக்கை தந்தது. 2016-இல் வெளிவந்த ஆராய்ச்சி அக்கூற்றை மறுத்தது. கரையைத் தாழ்த்தியதால் வெள்ளத்தைப் பத்திரமாய் வெளியேற்றும் ஆற்றல் ஏறத்தாழ பாதியாகக் குறைந்திருந்தது என்றும், முதலில் கட்டியபடியே விட்டிருந்தால் அணை அந்நாளில் தப்பியிருக்கும் என்றும் அது காட்டியது. மனிதன் செய்ததைக் கடவுளின் தலையில் ஏற்றியதைத் திருத்த 127 ஆண்டுகள் வேண்டியிருந்தன!

பக்தியுள்ளோரின் அணை

அவர்கள் பணத்தில் மிதந்த செல்வர்கள். அதனால் அலட்சியம் என்று சொல்லி நாம் தப்பித்துக்கொள்ளலாகாது. அதே நாட்டில் ஜார்ஜியா மாநிலத்தில் டொக்கோவா நீர்வீழ்ச்சி என்னும் இடத்தில் ஒரு விவிலியக் கல்லூரி உண்டு. வேத போதகர்களைப் பயிற்றுவிக்கும் இடம். அருவிக்கு மேலே கெல்லி பார்ன்ஸ் என்ற மண் அணை கல்லூரிக்குச் சொந்தமாயிருந்தது. ஏறத்தாழ 40 அடி உயரம், 400 அடி நீளம். ஒரு காலத்தில் மின்சாரம் எடுத்தார்கள். 1957-க்குப் பின் அது பொழுதுபோக்கு ஏரி மட்டுமே. கரையின் மறுபுறம் மிகச் செங்குத்து, அதில் மரங்கள். 1973-இல் எடுத்த ஒரு புகைப்படத்தில் கரைச் சரிவில் மண் சரிந்திருப்பது தெரிந்தது. யாரும் அதைப் பெரிதாய் எண்ணவில்லை.

1977 நவம்பர் 6 அதிகாலை ஒன்றரை மணி. மழைக்குப்பின் கரை உடைந்தது. 186 அடி உயர அருவியின் மேலிருந்து நீர்ச்சுவர் இறங்கி, உறங்கிக்கொண்டிருந்த கல்லூரிக் குடியிருப்பில் 39 உயிர்களைக் கொண்டுபோயிற்று. இருபது பேர் குழந்தைகள். அவர்கள் பாவிகளா? சிலோவாம் கோபுரம் விழுந்து மாண்டவர்களைப் பற்றி நம் ஆண்டவர் தந்த மறுமொழியை நினைவுகூர்வோம். ஜெபம் மனிதரைத் தாங்கும். கலங்கிய கசிவை ஜெபம் நிறுத்தாது. அதற்கு மண்வெட்டியும் பொறியாளரும் வேண்டும்.

அணைகளைச் சோதிக்க 1972-லேயே அமெரிக்காவில் சட்டம் இருந்தும் பணி நடைபெறாதிருந்தது. டொக்கோவாவுக்குப் பின்னரே அதிபர் கார்ட்டர் ஆணையிட, உயிராபத்து மிகுந்த ஆயிரக்கணக்கான தனியார், மாநில அணைகளைச் சோதிக்கத் தொடங்கினார்கள்.

சட்டம் என்ன சொல்கிறது?

நம் நாட்டிலும் ஒரு பழைய வழக்கு உண்டு. கார்வேட்டிநகர் ஜமீனுக்குரிய ஏரிகள் வெள்ளத்தில் உடைந்து, இரயில் பாதையைக் கெடுத்தன. சென்னை இரயில்வே கம்பெனி நஷ்டஈடு கேட்டது. 1874-இல் இலண்டன் பிரிவி கவுன்சில் ஜமீன்தாருக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. காரணம் கவனிக்கத்தக்கது. அவ்வேரிகள் குடிகளின் பயிருக்காகத் தொன்றுதொட்டு இருப்பவை. அவற்றைப் பாதுகாப்பது ஜமீன்தாரின் கடமை. ஆகவே அவருடைய அசட்டை நிரூபிக்கப்பட்டாலன்றிப் பொறுப்பில்லை என்றார்கள். ஊருக்குச் சோறு போடும் ஏரிக்கு அந்தச் சலுகை! படகு விடும் குளத்தின் சொந்தக்காரர் எந்த முகத்தோடு அதைக் கேட்க முடியும்?

2021-இல் நமது நாடாளுமன்றம் அணைப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேற்றியது. நல்ல சட்டம். தனியார் அணைகளும் அதில் அடங்கும். ஆனால் 15 மீட்டருக்கு மேற்பட்ட அணைகளையும், 10 முதல் 15 மீட்டர் வரை உள்ளவற்றில் 500 மீட்டர் நீளமோ பத்து இலட்சம் கனமீட்டர் கொள்ளளவோ போன்ற தகுதி ஒன்றேனும் உள்ளவற்றையுமே அது எடுத்துக்கொள்கிறது. அந்த அளவுகோலை டொக்கோவா அணைக்கு வைத்துப் பார்த்தோம். 39 பேரைக் கொன்ற அந்த அணை உயரத்திலும் நீளத்திலும் கொள்ளளவிலும் தப்பிவிடும்! அப்படியானால் நாம் கண்ட குளம் எம்மாத்திரம்? சட்டத்தின் கண் எட்டாத இடத்தில் மனச்சாட்சியின் கண் விழித்திருக்க வேண்டும். புது வீடு கட்டுகிறவன் மாடியைச் சுற்றிக் கைப்பிடிச் சுவர் எழுப்பக் கடமைப்பட்டவன் என்று மோசேயின் சட்டம் அன்றே விதித்தது. வீடு அவனுடையதுதான், விழுந்து மாள்பவன் பிறன் அல்லவா?

நமது கடமை

நம் பங்கு மக்களில் பலர் தோட்டங்களில் பண்ணைக்குட்டை வெட்டியிருக்கிறீர்கள். தரைக்குக் கீழே தோண்டிய குட்டை உடைந்து ஊரை அழிக்காது, அஞ்ச வேண்டாம். பிள்ளைகள் தவறி விழாதபடி வேலி மட்டும் போடுங்கள். ஓடையை மறித்துத் தரைக்கு மேல் கரை எழுப்பி நீர் தேக்குபவர்களோ நான்கு காரியங்களை மறக்கலாகாது. கலிங்கைத் திறந்தே வையுங்கள். கரையில் மரம் வளரவிடாதீர்கள். மழைக்கு முன்னும் பின்னும் கரையடியில் நடந்து, ஈரத்தையும் கசிவின் நிறத்தையும் பாருங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, கீழே குடியிருப்பவர்களிடம் சொல்லி, அவர்களும் கரைமேல் வந்து பார்க்க வாயிலைத் திறந்துவிடுங்கள்.

நாம் கண்ட குளம் என்னவாயிற்று என்று கேட்பீர்கள். உடைமையாளருக்குக் கடிதம் எழுதினோம். முதற்கடிதத்துக்குப் பதில் இல்லை. இரண்டாவது கடிதத்துக்குப் பிறகு கலிங்கின் வலையையும் பலகையையும் எடுத்துவிட்டதாகச் செய்தி வந்தது. பெரியவரை அழைத்துக்கொண்டு போய்ப் பார்த்தோம். எடுத்திருந்தார்கள். மரங்கள் அப்படியே நிற்கின்றன. கரையடி ஈரமும் காயவில்லை. பொறியாளரை அழைப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

திரும்பும் வழியில் ஓடைக்கரைக் குடியிருப்பில் நின்றோம். கைக்குழந்தையோடு நின்ற ஒரு தாயிடம் பெரியவர் பேச்சுக் கொடுத்தார். "மேல குளம் இருக்குதுன்னு தெரியுமுங்க. அது எங்க தலைக்கு மேல இருக்குதுன்னு நெனச்சுப் பார்த்ததில்லீங்க" என்றார் அவர். மழை வலுத்தால் எந்த மேட்டுக்கு ஏற வேண்டும் என்று பெரியவர் கைகாட்டிச் சொன்னார். அந்த அம்மாள் அயலாரையும் அழைத்துக் கேட்கச் செய்தார்.

ஐம்பது ஆண்டுகள் நம் பங்கைக் காத்த இறைவனுக்கு நன்றி கூறும் இவ்வேளையில், நமது மகிழ்ச்சிக்காக நாம் தேக்கிவைத்தவற்றுக்குக் கீழே யார் இருக்கிறார்கள் என்று ஒருமுறை இறங்கிப் பார்ப்போமாக. அடுத்த மழைக்கு முன் நாமும் பெரியவரும் மறுபடி அங்கே செல்வதாக இருக்கிறோம். கரை பார்க்கத் தெரிந்தவர்கள் எவரேனும் உடன் வர விரும்பினால், ஞாயிறு திருப்பலிக்குப் பின் நம்மை வந்து காணுங்கள்.

இறை அன்பில்,
உங்கள் பங்குத்தந்தை